கடைக்கு வராத கேசட்

நான் பித்துப் பிடித்து அலைந்த பாடகரின் கேசட் எந்தக் கடையிலும் கிடைக்காது. பர்மா பஜாரில் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். வண்ணாரப்பேட்டையில் கேட்டால், "அவரு எங்கபா கேசட்டு போட்டாரு?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. கானா பாடத் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கேசட் அட்டையில் நின்ற காலம். இவரைத் தேடிக்கொண்டும் ராயபுரத்துக்குக் கேசட் கம்பெனி ஆள் வந்தது. "கடையில விக்கிற கேசட்ல யாரு பேர சொல்லி பாடறது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய டோலக்குக்காரர் என்பதால் நம்புகிறேன்.

அவர் பாடியதெல்லாம் சாவு வீடுகளில்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் உடலை எடுக்கும் வரைக்கும் பாடுவார்கள். அப்புறம் பதினாறாம் நாள் படம் திறக்கும்போது தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, ஆர்மோனியம், டோலக்கோடு உட்கார்ந்து பாடுவார்கள். இறந்தவர் பேர், அவர் பார்த்த வேலை, பெற்ற பிள்ளைகள் எல்லாம் பாட்டில் வரும். வீட்டு ஆட்களில் யாராவது ஒருவர் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதன்மேல் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்துவிடுவார். உலகத்திலேயே அந்த ஒரு கேசட்தான். மாலை போட்ட படத்துக்குப் பின்னால் அதைச் செருகி வைப்பார்கள். வருஷத் தெவசத்துக்கு எடுத்துப் போட்டு, கேட்டு, அழுது, மறுபடி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். இரவல் கிடையாது. கொடுத்தாலும் வாங்க ஆள் கிடையாது. அடுத்தவன் வீட்டுச் சாவை எவனாவது தன் வீட்டுக்குள் கொண்டுவருவானா?

நான் கொண்டுவந்தேன். எனக்கு அந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என்னோடு வேலை செய்தவனின் சித்தப்பா காசிமேட்டில் இறந்த அன்று, மரியாதைக்குத் தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று போனேன். இவர் பாடிக்கொண்டிருந்தார். குரல் ஒன்றும் தேன் கிடையாது, புகையிலை போட்டுக் கரகரத்துப் போன குரல். ஆனால் இறந்தவர் பேர் வரவேண்டிய இடத்துக்கு முன்னால் சட்டென்று நிறுத்துவார். டோலக்கும் நின்றுவிடும். அப்புறம் அந்தப் பேரை மட்டும், பக்கத்து அறையில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, மெதுவாகச் சொல்லுவார். இறந்தவர் "இன்னா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்துவிடுவாரோ என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மரியாதைக்குப் போனவன் கடைசி வரைக்கும் அசையவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் இதற்கு முன்னால் பாடியதெல்லாம் எங்கே, யார் வீட்டில், எந்தப் படத்துக்குப் பின்னால் கிடக்கிறது? தூங்கினால் அதே நினைப்பு, சாப்பிட்டால் அதே நினைப்பு. எனக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், எடைமேடையில் வேலை. எண்ணூரிலிருந்தும் யானைக்கவுனியிலிருந்தும் லாரிகள் வரும். எடை போட்டுச் சீட்டைக் கொடுக்கும்போதே, "உங்க பக்கம் யார்னா பூட்டாங்களா?" என்று கேட்பேன். டிரைவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "காத்தால காத்தால கேக்கற கேள்வியாடா இது, கலீஜு!" என்று கத்திவிட்டுத் தகவலையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மார்க்கெட்டில் எனக்குக் கருமாதி என்றே பேர் வைத்துவிட்டார்கள். "இன்னா கருமாதி, இன்னிக்கி எங்க சாப்பாடு?" என்பார்கள். சிரித்துவிட்டுப் போவேன். எனக்குக் கேசட் கிடைத்தால் போதும்.

யார் வீட்டில் எப்போது தெவசம் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு என் டூ-இன்-ஒன் ரேடியோப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நிற்பேன். சில வீட்டில் விரட்டினார்கள். சில வீட்டில், செத்தவருக்கு இவன் வெளியூர்த் தோஸ்து போலிருக்கிறது என்று நினைத்து சோறு போட்டார்கள். அவர்கள் கேசட்டைப் போடும்போது பக்கத்தில் என் பெட்டியை வைத்துப் பதிவு செய்துகொள்வேன். பழைய சினிமாக் கேசட்டின்மேல் பதிவு செய்ததாக இருக்கும். பாட்டு முடிகிற இடத்தில் திடீரென்று ஏதாவது ஒரு டூயட் குதிக்கும். அழுதுகொண்டிருந்தவர்கள் பதறி எழுந்து போய் அணைப்பார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

வீட்டில் அம்மா பேயாட்டம் ஆடும். "வெள்ளிக்கெயமையும் அதுவுமா எவனோ செத்த பாட்ட வூட்டுக்குள்ள வச்சிகினு கீறியே, நீ உருப்புடுவியா?" என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு வரும். நைனா மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். முக்கால்வாசி நாளும் நைட் ஷிப்ட். நான் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் சைக்கிளை வாசலில் ஏற்றிக்கொண்டிருப்பார். "சாப்டியா?" என்பார். "சாப்ட்டேன்" என்பேன். லீவு நாளில் அவர் தூங்க, நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் அந்த இயர்போனையே வாங்கினேன்.

சேரச் சேரத்தான் வினை ஆரம்பித்தது. ராயபுரத்தில் ஒரு படகு டிரைவரின் கேசட். அதில் பாடகர் இப்படிப் பாடினார்:

"தொவைச்சுப் போட்ட சட்ட இன்னும் காயவே இல்ல – நீ
குடிச்சு வச்ச டம்ளர் இன்னும் கழுவவே இல்ல
சொல்லிகினு போயிருந்தா தடுக்கவா போறோம்…"

அப்புறம் அந்த நிறுத்தம். அப்புறம் பேர். டிரைவரின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எங்க ஊட்டுக்காரருக்குன்னே கட்டுன பாட்டு தம்பி. அன்னிக்கி மழ. மெய்யாலுமே அவரு சட்ட காயல" என்றார். நான் அழுதே விட்டேன். எப்பேர்ப்பட்ட கலைஞன் என்று நெஞ்சு விம்மியது. அடுத்த மாதம் புளியந்தோப்பில் ஒரு பெயிண்டருடைய கேசட் கிடைத்தது. ஆசை ஆசையாகப் போட்டேன். அதே சட்டை, அதே டம்ளர், பேர் மட்டும் வேறு. எண்ணூரில் ஒரு வாட்ச்மேன், அவருக்கும் அதே சட்டை, அதே டம்ளர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார் வீட்டில்தான் சட்டை இல்லை? யார்தான் டம்ளரில் குடிக்கவில்லை? எவன் செத்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஊரையே டபாய்க்கிறாரே இந்த மனுஷன் என்று கொதித்தது. அந்தப் படகு டிரைவரின் மனைவி முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. கேசட்டுகளைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். மறுநாளே ஏறி எடுத்தேன். விடவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை.

எல்லாக் கேசட்டும் அப்படி இருந்திருந்தால் சனியன் என்று தலைமுழுகியிருப்பேன். அப்படியும் இல்லை. ராயபுரத்தில் சர்ச் வாசலில் மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருந்த ஒருவருக்குப் பாடியது கிடைத்தது. அந்த மனுஷன் எங்கே செருப்பைக் கழற்றினாலும் வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பாராம், எப்போதும் கிளம்பத் தயாராக இருக்கிற ஆள் மாதிரி. அதைப் பாட்டாக்கியிருந்தார். "செருப்பு கீது வாசலில, காலு எங்க மாமு?" என்று அவர் கேட்கிற இடத்தில் பந்தலில் இருந்தவர்கள் சிரிப்பதும் கேசட்டில் கேட்கிறது, சிரித்துக்கொண்டே அழுவதும் கேட்கிறது. அந்த ஒரு பாட்டுக்காக ஊரிலுள்ள எல்லாக் கேசட்டையும் கடலில் கொட்டலாம். கேசட் ஓடி முடிந்த பிறகும் அவருடைய மகள் விடவில்லை. "அத்த வுடுங்க, எங்கப்பா தும்முனா இன்னா சொல்வாரு தெரியுமா?" என்று ஆரம்பித்து, நான் டீ குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, எழுந்து நின்ற பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்.

சரி, தெரிந்த ஆளுக்கு மட்டும் நன்றாகப் பாடுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் சரிப்படவில்லை. சாத்தாங்காட்டிலேயே ஒரு லாரி ஷெட் முதலாளி இருந்தார். எங்கள் பாடகருக்கு ரொம்ப நாள் பழக்கம். அவர் சாவுக்குத் தெருவே தெரியாத அளவுக்குப் பூ கொட்டிக் கிடந்தது. வருஷத் தெவசத்தில் கேசட்டைப் போட்டார்கள். அங்கேயும் சட்டை, டம்ளர்! மகன்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "உங்க அப்பா எப்படி?" என்று பேச்சுக்குக் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "அப்பா எப்பவும் பிஸிங்க" என்றார்கள். எனக்கு மண்டை காய்ந்தது. மெழுகுவத்தி விற்றவருக்கு அப்படி ஒரு பாட்டு, முதலாளிக்கு ஊர்ப் பொதுச் சட்டையா? இந்த ஆள் எதைப் பார்த்துப் பாடுகிறார்?

நேரில் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். பகலில் அவருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. அதன் வாசலில் ஒரு டீக்கடையில் பிடித்தேன். கை விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன. டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க பாட்டு அத்தினியும் என்கிட்ட கீதுண்ணா" என்றேன்.

"நான் எங்கபா கேசட்டு போட்டேன்?"

வீடு வீடாக அலைந்ததைச் சொன்னேன். என்னைக் கட்டிப் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மாறவே இல்லை.

"அவங்கள்லாம் உனக்கு இன்னா வோணும்?"

"எவங்க?"

"செத்தவங்க."

"அவங்க எனக்கு யாரும் இல்லண்ணா. உங்க பாட்டுக்கோசரம்தான்."

"அப்ப பேர மட்டும் எட்த்துட்டு கேப்பியா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "பேர எட்த்துட்டா அல்லாம் ஒரே பாட்டுதானேண்ணா? அதே சட்ட, அதே டம்ளர்" என்று கேட்டுவிட்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அடிப்பார் என்றுகூட நினைத்தேன். மிச்ச டீயைக் குடித்தார். "ஆமா தம்பி. அதே சட்டதான்" என்று சொல்லிவிட்டு ஐஸ் உடைக்கப் போய்விட்டார். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். எனக்கு இன்னும் பேஜாராகிவிட்டது.

அதற்கப்புறம் அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நைனா போய்விட்டார். கிரேன்மேல் இருக்கும்போதே நெஞ்சுவலி. ஆட்கள் மேலே ஏறிக் கீழே இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் சைக்கிளில் வரவேண்டியவரை வேனில் கொண்டுவந்தார்கள். எடுக்கிற வரைக்கும் நான் மரக்கட்டை மாதிரி நின்றேன். பாட்டு, கேசட் எதுவும் நினைவில் இல்லை. எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகுதான் எனக்குள் ஒரு வெறி கிளம்பியது. ஊரான் வீட்டு அப்பனுக்கெல்லாம் பாட்டுத் தேடி அலைந்தவன், எங்கள் நைனாவுக்கு ஒரு பாட்டு வாங்க மாட்டேனா? அதுவும் எந்தக் கேசட்டிலும் இல்லாத பாட்டு, அவருக்கென்றே கட்டின பாட்டு. அது கிடைக்காவிட்டால் நைனா உலகத்தில் இருந்ததற்கே அடையாளம் இல்லாமல் போய்விடும் என்று என்னவோ ஒரு பயம் பிடித்து ஆட்டியது.

மறுபடி மீன்பிடித் துறைமுகத்துக்கு ஓடினேன். பாடகர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நைனா பூட்டாருண்ணா. படம் தொறக்கறப்ப நீங்கதான் பாடணும்" என்றேன்.

"வரேன் தம்பி."

"அந்த சட்ட பாட்டு மட்டும் வேணாம்ணா. எங்க நைனாவுக்கு புச்சா கட்டணும்."

கையில் இருந்த ஐஸ் உடைக்கிற கட்டையைக் கீழே வைத்தார். "சரி. பாடறதுக்கு முன்னாடி நைனாவ பத்தி உன்ன கேப்பேன், சொல்லு" என்றார். அவ்வளவுதானே என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. கேட்டால் சொல்லப்போகிறேன், இதில் என்ன இருக்கிறது?

பதினாறாம் நாள் சாயங்காலம் பந்தல் நிறைந்திருந்தது. நைனாவோடு ஷிப்ட் பார்த்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் என் டூ-இன்-ஒன்னைப் புதுக் கேசட் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். அவர் ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் குந்தச் சொன்னார்.

"சொல்லு தம்பி. நைனாவுக்கு இன்னா புடிக்கும்?"

"மீன் கொயம்பு."

"ஊருக்கே புடிக்கும். வேற?"

"நல்லவருண்ணா."

"செத்தவங்க அல்லாரும் நல்லவங்கதான். வேற சொல்லு."

"ஹார்பர்ல கிரேன் ஆபரேட்டரு."

"அது அவரு வேல. ஆளு எப்பிடி? இன்னாத்துக்கு சிரிப்பாரு? யாரு கூட சண்ட போடுவாரு? சொம்மா குந்திகினு இருந்தா இன்னா பண்ணுவாரு?"

யோசித்தேன். யோசிக்க யோசிக்க வேறு யார் யாரோ வந்தார்கள். மழையைப் பார்த்தால் வலையை எண்ணுகிற ஒரு காசிமேட்டுக்காரர் வந்தார், கையில் கிரீஸ் வாசனையோடு பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்ற ஒரு மெக்கானிக் வந்தார். அவர்களுடைய வீட்டு ஆட்கள் எனக்குச் சோறு போட்டுச் சொன்ன கதைகள் அத்தனையும் வந்தன. நைனா மட்டும் வரவில்லை. பந்தலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் தானாகத் திறந்து சொல்லிவிட்டது.

"செருப்ப எங்க கயட்டுனாலும், வாசல பாத்து…"

அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். மற்றவர்களுக்குக் கேட்காமல், "அது மெயுவத்திக்காரரு தம்பி" என்றார்.

வெட்கத்தில் குறுகிப்போனேன். அவர் என்னை விட்டுவிட்டு, முன்வரிசையில் இருந்த ஹார்பர்காரர்களைக் கேட்டார். அதில் வயதான ஒருவர் எழுந்து, "மேல ஏறுனா ஷிப்ட் முடிஞ்சிதான் எறங்குவாருபா. அப்பால சைக்கிள எட்த்துகினு பூடுவாரு. தங்கமான மன்சன். பேச்சு மட்டும் கெடையாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உள்ளே பெண்களோடு இருந்த அம்மாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். போன அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தது. "அவரு வாயத் தொறந்து இது வோணும் அது வோணும்னு ஒண்ணியும் கேட்டதில்லயேன்னு அயுவுதுபா, வேற ஒண்ணியும் சொல்ல மாட்டேங்குது" என்றது.

டோலக்குக்காரர் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். பாடகர் ஆர்மோனியத்தின்மேல் கையை ஊன்றினார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"சொல்றவங்க சொன்னா அத்த பாட்டா கட்டிடுவேன் தம்பி. செல பேரு யாருக்கும் ஒண்ணும் காட்டாம பூடறாங்க. அவங்களுக்கும் பாடணும்ல? அதுக்குன்னுதான் அந்த சட்டையும் டம்ளரும் வச்சிகீறேன். நீ வேணான்னு சொல்ட்ட. வேணான்னா வுடு, பொதுவா நாலு பாட்டு பாடிட்டு எயுந்துக்கறோம்."

எனக்கு அழுகை பீறிட்டது. அத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை. தரையில் அப்படியே சரிந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தயே பாடுண்ணா" என்றேன். "எங்க நைனா பேர மட்டும் கொஞ்சம் சத்தமா சொல்லுண்ணா."